விடிந்தால் சனி

கைப்பேசிச் செயலி எழுதும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

திருமானூர் கடைவீதியில் சிறிய கணினி மையம் ஒன்று வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போடுவது, ரயில் டிக்கெட் எடுப்பது, ஜாதகம் கணித்து அச்செடுத்துக் கொடுப்பது, புதிதாக இறக்கிய செயலியை எப்படித் திறப்பது என்று காட்டிக்கொடுப்பது என்று என் நாள் போகிறது. உங்களில் நிறையப் பேர் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து செயலி எழுதுகிறீர்கள். நீங்கள் எழுதியதை இங்கே ஒருவர் முதல் தடவையாகத் தொடும்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், தன் அப்பாயிக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்ட ஒரு செயலி செய்துகொண்டிருந்தான். எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஆப் இன்வென்டரில், கட்டைகளைக் கோத்து எழுதும் முறையில் செய்தது. ஒரு சாயங்காலம் மடிக்கணினியோடு வந்து, “அக்கா, டைம் பிக்கரைத் தொட்டா எப்பவும் இப்ப என்ன மணியோ அதுதான் நிக்குது. நான் சொல்ற மணி நிக்கணும்னா என்ன பண்ணணும்?” என்று கேட்டான்.

பதில் எளிது. அந்த நேரத் தேர்விக்கு ‘செட் டைம் டு டிஸ்ப்ளே’ என்று ஒரு கட்டை உண்டு. 0 முதல் 23 வரை மணியும், அதன் பின் நிமிடமும் கொடுத்து, தேர்வி திறப்பதற்கு முன் ஓடவிட்டால் போதும். ஒன்றும் கொடுக்காவிட்டால் நடப்பு நேரம் நிற்கும். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. 8, 0 என்று போட்டான். போட்டுவிட்டு என்னைப் பார்த்து, “எட்டு சரியாக்கா?” என்றான்.

எனக்குத் தெரியவில்லை. இருவரும் அவன் வீட்டுக்குப் போய் அப்பாயியையே கேட்டோம். “கஞ்சி குடிக்க உட்காரும்போது ஒண்ணு, ராவு சோத்துக்கு ஒண்ணு” என்றார். கஞ்சி எப்போது என்று கேட்டால், “ஆட்ட அவுக்கறதுக்கு முன்னாடி.” ஆடு எப்போது அவிழ்க்கிறீர்கள் என்றால், “பொழுது ஒரு முழம் ஏறினதும்.” அவன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஏழு மணிக்கு முன்பே என்றார். இரவுச் சோறு விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், ஏழரைக்குள். ஆகக் காலைப் பெட்டியில் 6:45, இரவுப் பெட்டியில் 7:30. எட்டு மணி எதற்கும் பொருந்தவில்லை. எட்டு என்பது அந்தப் பையன் சாப்பிட்டுப் பள்ளிக்குக் கிளம்பும் நேரம்.

அன்றைக்குத்தான் இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நேரம் கேட்கும் பெட்டி திறந்ததும் அதில் நிற்கிற மணி, கேட்கப்பட்டவர் சார்பில் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்ட பதில். அதைச் சொல்வதற்கு அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கேட்க வேண்டும். கேட்கவும் முடியாவிட்டால் பெட்டியைக் காலியாக விட வேண்டும்.

“யாரும் மாற்றிக்கொள்ளலாமே, அதற்குத்தானே தேர்வி” என்பீர்கள். என் கடையில் நான் பார்ப்பது வேறு. பெட்டியில் ஏற்கனவே ஒரு மணி நிற்பதைப் பார்த்தால், வயதானவர்கள் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. “அவங்களே போட்டிருக்காங்க, நாம மாத்தலாமா?” என்று என்னைக் கேட்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்திலும் ரேஷன் கடையிலும் எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போய் நின்று பழகியவர்களுக்கு, திரையில் அச்சாகி நிற்கும் எண் மேலிடத்து உத்தரவாகத்தான் தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நடுவயதுக்காரர்களும் பெட்டியில் எண் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று என்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். காலிப் பெட்டியைத் தாண்டுபவர்கள் குறைவு. எண் நிற்கும் பெட்டியைத் தாண்டாதவர்கள் குறைவு.

உங்கள் கருவிகளின் பழக்கம் எனக்கும் ஓரளவு தெரியும். ஆண்ட்ராய்டின் மெட்டீரியல் தேர்வியில் மணியைச் சொல்லாமல் விட்டால் பூஜ்யத்தில், அதாவது நள்ளிரவு 12 மணியில் திறக்கிறது. ஐபோனின் தேர்வி நடப்பு நேரத்தில் நிற்கிறது. ஃபிளட்டரில் தொடக்க நேரத்தைக் கொடுத்தே தீர வேண்டும்; பாடத்தில் காட்டிய எடுத்துக்காட்டை அப்படியே ஒட்டுவதால் அங்கும் பெரும்பாலும் ‘இப்போது’ என்பதுதான் வந்து உட்கார்கிறது. நள்ளிரவு, அல்லது இந்த நொடி. இந்த இரண்டும் கணினிக்கு வசதியான நேரங்கள். மனிதர்கள் தங்கள் காரியங்களுக்குக் குறிக்கிற நேரங்களில் இவை இரண்டும் மிகக் குறைவாகவே வரும்.

என் அப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கொள்ளிடக் கரைக்கு இந்தப் பக்கம் எங்கள் கொல்லையில் கடலை போட்டிருந்தார். ஆழ்குழாய் மோட்டாரைக் கைப்பேசியில் இருந்தே ஓட்டும் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினோம். ராத்திரியில் பாம்புக்கும் இருட்டுக்கும் பயந்து வரப்பில் நடக்க வேண்டாம் என்பது அதில் பெரிய நிம்மதி. ஒரு நாள் இரவு 8:40க்கு, மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓட வேண்டும் என்று வைத்தார். தேர்வி 8:40இல் திறந்தது. எட்டை ஆறாக்கினார், நாற்பதைப் பூஜ்யமாக்கினார். மூலையில் சின்னதாக நின்ற பி.எம். அப்படியே நின்றுவிட்டது.

காலையில் மோட்டார் ஓடவில்லை. மும்முனை மின்சாரம் அந்த நேரத்துக்கு வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு, உறவில் ஒரு விசேஷத்துக்குத் தஞ்சாவூர் போய் அங்கேயே தங்கிவிட்டார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கி, விடியும்வரை ஓடியது. விழுது இறங்கிக்கொண்டிருந்த கடலை முழுவதும் தண்ணீரில் நின்றது. நான்கைந்து நாளில் செடி மஞ்சளித்தது. அந்தப் போகத்தில் அப்பா கையில் விதைக்காசுகூட நிற்கவில்லை.

அந்தச் செயலி இரண்டு இடத்தில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். விடியற்காலையில் தண்ணீர் விடுகிறவர்களுக்காகச் செய்த செயலி, விடியற்காலையில் திறந்திருக்கலாம். அதைவிட எளிது இன்னொன்று. கைப்பேசியில் அலாரம் வைத்தால், இன்னும் இத்தனை மணி இத்தனை நிமிடம் இருக்கிறது என்று அடியில் ஒரு வரி வந்து மறைகிறதே, அந்த வரி. காலை ஆறு என்றால் அன்று ‘இன்னும் 9 மணி 20 நிமிடம்’ என்று வந்திருக்கும். அவர் வைத்த நேரத்துக்கு ‘இன்னும் 21 மணி 20 நிமிடம்’ என்று வந்திருக்கும். ஏ.எம்., பி.எம். தெரியாத என் அப்பாவுக்கு, இருபத்தொரு மணி நேரம் என்பது ஒரு ராத்திரி கணக்கில்லை என்று நன்றாகத் தெரியும்.

இந்த ஏ.எம்., பி.எம். விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்கள் ஒன்றியத்தில் ஏலாக்குறிச்சி என்றொரு ஊர் இருக்கிறது. அடைக்கல மாதா கோயிலுக்குப் பெயர்போன ஊர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தங்கிப் பணிசெய்த இடம். அவர் காலத்துக்கு முன்புவரை, தமிழில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே உருவம். ஒரு புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்து யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு உருவம் கொடுத்தார். எ வேறு, ஏ வேறு. ஒ வேறு, ஓ வேறு. கொம்பு வேறு, சுழித்த கொம்பு வேறு. இன்றைக்கு நாமெல்லாம் யூகிக்காமல் படிக்கிறோம்.

மூலையில் நிற்கும் அந்த ஏ.எம்., பி.எம். விட்டுப்போகிற புள்ளி மாதிரிதான். காலை ஆறும் மாலை ஆறும் ஒரே உருவத்தில் நிற்கின்றன. பன்னிரண்டு மணி நேரத்து வித்தியாசத்தை ஒரு சின்ன எழுத்தில் தொங்கவிட்டால், கண் மங்கியவருக்கும் விரல் காய்த்தவருக்கும் அது விட்டுப்போகும். நம் மொழியில் பொழுதுக்கா பஞ்சம்? ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை கொடுத்தவர்கள் நாம். ஒரு நாழிகை 24 நிமிடம் என்றால் ஒவ்வொரு பொழுதும் நான்கு மணி நேரம். அந்தப் பெயர்களில் சில இன்று வழக்கில் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். மொழித்தரவில் அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்று தமிழுக்கான பொழுதுப் பெயர்கள் ஏற்கனவே இருக்கின்றன. நேர வடிவத்தில் சிறிய ஏ எழுத்தைப் போடும் இடத்தில் பெரிய பி எழுத்தைப் போட்டால் அந்தப் பெயர்கள் வரும். நீங்கள் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ‘அந்தி மாலை 6:00’ என்று திரையில் பெரிதாக நின்றிருந்தால் அப்பா கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்தது ஐந்தரை மணி. இதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு விதவைத் தாய் என் கடைக்கு வந்தார். ஓர் அலுவலகத்தில் சான்று சரிபார்க்க வரச்சொல்லி அவர் கைப்பேசிக்குச் செய்தி வந்திருந்தது. தேதி போட்டு, பக்கத்தில் ‘5:30 ஏ.எம்.’ என்று இருந்தது. அதைப் பேரப்பிள்ளையிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, முதல் நாள் இரவே சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுத்திருந்து, விடியும் முன் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார். பத்து மணிக்குக் கதவு திறந்தார்கள். “அஞ்சரைக்கு யாரும்மா வரச்சொன்னது?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டதும் அதுதான்: “யாரும்மா வரச்சொன்னது?”

யாரும் வரச்சொல்லவில்லை. அலுவலகத்தில் தேதி மட்டும்தான் குறித்தார்கள், மணி குறிக்கவில்லை. மணி இல்லாத தேதியை அவர்கள் மென்பொருள், கிரீன்விச் நேரத்தில் பூஜ்ய மணி என்று எழுதி வைத்துக்கொண்டது. இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. பூஜ்யத்தோடு ஐந்தரையைக் கூட்டி, காலை 5:30 என்று அச்சடித்துக் கொடுத்தது. தேதியே இல்லாத இடத்தில் 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று வந்து நிற்பதும் இதே கணக்குதான். யூனிக்ஸ் கணினிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்யம் அது. கிரீன்விச் நேரத்திலேயே வைத்துச் சோதித்தால் நள்ளிரவு 12 என்று தெரியும், யாருக்கும் ஏதோ பிழை என்று புரிந்துவிடும். நம் ஊரில் 5:30 என்பது மனிதர்கள் எழுந்து நடமாடுகிற நேரம். பால் ஊற்றப் போகும் நேரம், முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம். அதனால் அந்தப் பிழை நம்மிடம் பிழை மாதிரியே தெரிவதில்லை. நம்பிப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். இதையே திருப்பிப் போட்டால், நம் நள்ளிரவைக் கிரீன்விச்சுக்கு மாற்றும்போது முந்தைய நாள் மாலை 6:30 ஆகிறது. 15ஆம் தேதி பிறந்த குழந்தை 14ஆம் தேதிக்குப் போய்விடுகிறது. அப்படித் தேதி நழுவிய பதிவுகளைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் வருபவர்கள் உண்டு.

கடிகாரமே ஒருவர் நமக்காக முடிவு செய்து வைத்ததுதான் என்பதும் எனக்குத் தெரியும். 1906 ஜனவரி 1 முதல் மிர்சாபூர் பக்கம் ஓடும் 82.5 பாகைக் கோட்டை வைத்து இந்திய நேரம் வகுத்தார்கள்; அதற்கு முன் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. திருமானூர் அந்தக் கோட்டுக்கு மேற்கே மூன்று பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதனால் எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாகப் பன்னிரண்டைத் தாண்டி 13, 14 நிமிடம் ஓடியிருக்கும். அதனால் ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை. எல்லோருக்கும் ஒன்றாக, எல்லோருக்கும் தெரிந்து நடந்தது அது. அந்த அம்மாவுக்கு நடந்தது யாருக்கும் தெரியாமல் நடந்தது, எழுதியவருக்குக்கூட.

ஜாதகத்துக்கு வருகிறேன். ஜாதகத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. என் கடைக்கு வரும் குடும்பங்கள் அதை வைத்துத்தான் பெண் கொடுக்கிறார்கள், எடுக்கிறார்கள். ஜாதகச் செயலிகள் சிலவற்றில் பிறந்த நேரம் நள்ளிரவு 12:00 என்று நின்றபடி திறக்கிறது. நேரம் தெரியாதவர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு தரம் மாறுவது. நள்ளிரவுக்குக் கணித்த கட்டம் அச்சாகி, தரகர் கைக்குப் போய், பத்து வீட்டுக்குப் போகிறது. தெரியாத ஒன்றுக்குத் தெரிந்த மாதிரி விடை போட்டுத் தருவதை நான் பாவம் என்றே சொல்வேன். அங்கே காலிப் பெட்டியும், ‘நேரம் தெரியாது’ என்று ஒரு பொத்தானும்தான் நியாயம்.

இன்னொரு சிக்கலும் அங்கே இருக்கிறது. “வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குப் பொறந்தான்” என்பார்கள். கடிகாரத்துக்கு அது சனிக்கிழமை. பஞ்சாங்கத்தில் சூரியன் எழுந்தால்தான் அடுத்த நாள், அதனால் அவர்களுக்கு அது வெள்ளிதான். பழைய ஜாதக நோட்டுகளில் இதற்கு அழகாக ஒரு வழி வைத்திருந்தார்கள்: ‘வெள்ளி இரவு, விடிந்தால் சனி’ என்று எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் அந்த வழக்கம் இருந்தது. படிக்கிற எவருக்கும் சந்தேகம் வராது. அரியலூர் நிலையத்தில் நள்ளிரவு தாண்டி நிற்கும் வண்டிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும்போது நான் அதைத்தான் செய்கிறேன். 00:20 வண்டி, சனிக்கிழமை தேதி என்று டிக்கெட்டில் இருந்தால், சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிலையத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி முதல் நாள் இரவே போயிருக்கும். அதனால் டிக்கெட்டின் மேல் பேனாவால் ‘வெள்ளி ராத்திரி, விடிந்தால் சனி’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நான் எழுதிக் கொடுத்த பிறகு ஒருவரும் வண்டியை விட்டதில்லை. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தை யாராவது உங்கள் செயலியில் தேர்ந்தெடுத்தால், கீழே அந்த ஒரு வரியைக் காட்ட உங்களால் முடியும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. எந்த வேலைக்கு நேரம் கேட்கிறீர்களோ அந்த வேலை எப்போது நடக்கிறது என்று, அதைச் செய்கிறவரிடம் கேளுங்கள். ஒருமுறை அவர் தேர்ந்தெடுத்த நேரத்தை நினைவில் வைத்து, மறுமுறை அதிலிருந்தே திறவுங்கள். தினம் ஆறு மணிக்கு மோட்டார் போடுபவர் தினமும் சக்கரத்தைச் சுழற்ற வேண்டாம். வயலுக்கு யாரும் 6:07க்குப் போவதில்லை, அங்கே நிமிடத்தைக் கால்மணிக் கணக்கில் வையுங்கள். பிறந்த நேரத்துக்கு மட்டும் ஒவ்வொரு நிமிடமும் வேண்டும். வட்டக் கடிகாரத்தில் விரலைச் சுற்ற முடியாதவர்களுக்கு எண்ணாகத் தட்டிக்கொள்ள வழி விடுங்கள். மணி தேவையில்லாத இடத்தில் மணியைச் சேமிக்காதீர்கள், காட்டாதீர்கள். உங்கள் செயலியை இந்திய நேரம் வைத்த கைப்பேசியில், தமிழில், ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது 5:30 வந்து நின்றால் அதை யார் போட்டது என்று தேடிப் பிடியுங்கள்.

அந்தப் பையன் தன் செயலியில் 6:45ஐயும் 19:30ஐயும் போட்டுவிட்டான். அப்பாயி இப்போது மாத்திரையைத் தவறவிடுவதில்லை. காலை மாத்திரைக்கு மணி அடித்த பிறகுதான் ஆட்டை அவிழ்க்கிறார்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு வரும்போது, நீங்கள் எழுதிய செயலியோடு என் கடைக்கு வாருங்கள். காலை 9 மணியிலிருந்து இரவு 8 மணிவரை திறந்திருப்பேன். ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். வருகிறவர்களிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், நேரப் பெட்டியை அவர்கள் தொடுவதை மட்டும் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
திருமானூர்